பேர் எழுதிய முட்டைகள்

முட்டை அடைவைத்த ஏழாம் நாள் காலையில், வீட்டின் உள்ளறையான அரங்கின் கதவையும் சன்னலையும் சாத்திவிட்டு, சத்தியதாஸ் இன்னொரு முட்டையை டார்ச் விளக்கின் முகத்தில் வைத்துப் பார்த்தார். உயிர் பிடித்த முட்டை என்றால் உள்ளே சிவப்பாக நூல் நூலாய் நரம்பு ஓடும். நடுவில் ஒரு கரும்புள்ளி அசையும். இதுவோ துடைத்து வைத்த சிம்னிக் கண்ணாடி மாதிரி இருந்தது. வெறும் வெளிச்சம்.

"இதுவும் கூமுட்டையா?" என்று பின்னால் நின்ற மனைவி சுகுமாரி கேட்டாள்.

"ஆமா. இதோட நாலு."

"யாருக்க முட்டை?"

சத்தியதாஸ் முட்டையைத் திருப்பினார். ஓட்டின் மேல் பென்சிலால் 'ஈ' என்று எழுதியிருந்தது. முன்னால் பார்த்த மூன்றிலும் அதே எழுத்துதான். 'சி' என்று எழுதிய பத்து முட்டைகளும் கொழுகொழுவென்று உயிரோடு இருந்தன.

சுகுமாரி மூலையில் இருந்த குடத்தைப் பார்த்தாள்.

"அப்ப நாளையிலருந்து நான் எங்க போய் வெள்ளம் கோருவேன்?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். குன்னத்துகாலுக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவில் இருந்த அந்த வீட்டுக்குச் சொந்தமாகக் கிணறு கிடையாது. தோண்டிய இடமெல்லாம் பாறை. கிழக்கு வீட்டு ஈசாக்கின் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். ரோட்டுக்குப் போகச் சொந்தமாக வழியும் கிடையாது. மேற்கு வீட்டுச் சிவதாணு பிள்ளையின் தென்னந்தோப்பு வழியாகத்தான் போக வேண்டும். சத்தியதாஸ் பாறசாலை ஜங்ஷனில் கடிகாரம் பழுதுபார்க்கிறவர். தினமும் சைக்கிளில் அந்தத் தோப்பு வழியே போய் வருகிறவர்.

ஈசாக் கொப்பரை வியாபாரி. நெய்யாற்றின்கரைத் தாலூக்கா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மறியல் செய்து எட்டு நாள் லாக்கப்பில் இருந்தவர். சிவதாணு பிள்ளை திருவனந்தபுரம் செக்ரட்டேரியட்டில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தாலூக்கா இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்கிற கட்சி. மாநில எல்லை வகுக்கிற கமிஷன் வந்து எல்லாரிடமும் கேட்டுவிட்டுப் போய்விட்டது. முடிவுதான் இன்னும் வரவில்லை. ஈசாக் கொப்பரைக்கு விலை பேசுவதும், கோபம் வந்தால் ஏசுவதும் மலையாளத்தில். பிள்ளை குளித்துவிட்டுச் சிவனைக் கும்பிடுவதும், பேத்தியைக் கொஞ்சுவதும் தமிழில். இதை அவர்கள் இருவரிடமும் எடுத்துச் சொல்லும் தைரியம் ஊரில் யாருக்கும் இல்லை.

போன வருஷம் பனச்சமூட்டில் பஸ் வராததால் சத்தியதாஸ் பத்து நிமிஷம் நின்ற இடத்தில், ஈசாக்கின் கட்சிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை தோப்பு வழியில் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒன்பது நாள் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வயல் வரப்பில் நடந்தார். பிள்ளையைச் சமாதானப்படுத்த அவர் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை வீடு தேடிப் போய்ச் சரிசெய்து கொடுத்தார். அன்று சாயங்காலமே கிணற்றுக் கயிறு காணாமல் போனது. நாலு நாள் சுகுமாரி குளத்தில் போய்க் குடம் சுமந்தாள். அதற்குப் பிறகு சத்தியதாஸ் இந்தப் பக்கம் ஒரு சிரிப்பு சிரித்தால், அந்தப் பக்கமும் திரும்பி அதே அளவில் ஒன்று சிரித்துவிடுவார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் இந்தப் பெட்டி வந்து வாய்த்தது. மிஷன் பங்களாவில் இருந்த துரைசானி சீமைக்குத் திரும்பும்போது, நீதான் மெஷின் தெரிந்த ஆள் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். நாலு கால் வைத்த மரப்பெட்டி. பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. விளக்கின் சூடு ஒரு குழாய் வழியாக உள்ளே போகும். தெர்மாமீட்டரில் நூற்றிமூன்று டிகிரி குறையாமல் இருபத்தொரு நாள் வைத்திருந்தால், கோழி இல்லாமலே குஞ்சு பொரிக்கும். ஊரில் அதற்கு விளக்குப்பெட்டி என்று பெயர் விழுந்தது.

பெட்டி வந்ததே தவிர அடைவைக்க முட்டை இல்லை. சுகுமாரியின் கோழிகளைக் கீரி பிடித்துவிட்டிருந்தது. சத்தியதாஸ் ஈசாக்கிடம் போய், பத்து முட்டை தந்தால் குஞ்சு முழுவதும் உங்களுக்கே, பெட்டி வேலை செய்வதைப் பார்த்தால் எனக்குப் போதும் என்றார். ஈசாக்கின் மனைவி சுகிர்தபாய் வளர்க்கும் கோழிகளுக்கு அந்த வட்டாரத்தில் பெயர் உண்டு. மறுநாளே சுகிர்தபாய் பத்து முட்டையைத் துணி மூடிய கூடையில் கொண்டுவந்து தந்தாள். ஈசாக் ஜங்ஷனில் நின்று, தமிழ் முட்டை பத்து விளக்குப்பெட்டியில் ஏறிவிட்டது என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

அது பிள்ளையின் காதுக்குப் போனது. பிள்ளை சைவர். அவர் வீட்டுக்குள் முட்டை நுழைந்ததே இல்லை. ஆனால் அவர் தோப்பில் குடியிருந்த செல்லையன் கோழி வளர்த்தான். "பத்து முட்டை கொண்டு குடுடே," என்று பிள்ளை சொன்னார். செல்லையன் இரண்டு நாள் கழித்து ஓலைப்பெட்டியில் கொண்டுவந்தான். வழியை நினைத்து சத்தியதாஸ் அதையும் வாங்கி, இருபது முட்டையையும் ஒரே நாளில் அடைவைத்தார்.

கடிகாரம் ரிப்பேருக்கு வந்தால் அதில் சொந்தக்காரர் பேர் எழுதிய சீட்டைக் கட்டுவது சத்தியதாஸின் இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அதே பழக்கத்தில் ஒவ்வொரு முட்டையிலும் எழுத்துப் போட்டார். ஈசாக்குக்கு 'ஈ', சிவதாணு பிள்ளைக்குச் 'சி'. தினம் மூன்று வேளை முட்டையைப் புரட்ட வேண்டும். எது புரண்டது, எது புரளவில்லை என்று பார்க்கவும் எழுத்து உதவியது.

இப்போது நாலும் 'ஈ'.

அரைமணி நேரம் யோசித்துவிட்டு சத்தியதாஸ் அழிரப்பரை எடுத்தார். நாலு கூமுட்டையில் இரண்டை எடுத்து 'ஈ'யை அழித்துச் 'சி' போட்டார். உயிருள்ள முட்டையில் இரண்டை எடுத்து 'சி'யை அழித்து 'ஈ' போட்டார். இருவருக்கும் பத்தில் இரண்டு பழுது, எட்டு நல்லது.

"கர்த்தர் பாத்துட்டிருக்காரு," என்றாள் சுகுமாரி.

"அவருக்கு வழியும் வேண்டாம், வெள்ளமும் வேண்டாம்," என்றார் சத்தியதாஸ்.

சமமாக இருந்தால் சண்டை வராது என்பது அவர் கணக்கு. ஈசாக்குக்குச் சமம் என்பதே பிடிக்கவில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்துவிட்டார்.

"அந்த ஆளுக்க பத்தில ரெண்டு போச்சுன்னா, நம்ம பத்தில ஒண்ணுகூடப் போகப்பிடாதே மக்கா. இது சுகிர்தம் வளத்த கோழியாக்கும். புண்ணாக்கு தின்ன கோழி. நீயே சொல்லு சுகிர்தம்."

சுகிர்தபாய் அடுப்பில் சோறு வேகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள்.

பிள்ளை மத்தியானம் வந்தார். அவருக்குப் பின்னால் செல்லையன் ஒரு நாற்காலியைச் சுமந்துகொண்டு வந்தான். பிறர் வீட்டு நாற்காலியில் உட்காருவது பிள்ளைக்கு வழக்கமில்லை. முட்டையையும் தொடமாட்டார். நாலடி தள்ளி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பழுதான இரண்டையும் காட்டச் சொன்னார். சத்தியதாஸ் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தார்.

"முப்பத்தொரு வருஷம் சர்க்கார் கடுதாசி பாத்த கண்ணாக்கும் இது," என்றார் பிள்ளை. "இந்த எழுத்துக்கு அடியில வேற எழுத்து உண்டு."

"கை தப்பிப் போச்சு பிள்ளைவாள்."

"கை தப்பினா அடிச்சு எழுதணும். பக்கத்தில சுருக்கொப்பு போடணும். சொரண்டி எழுதப்பிடாது."

சத்தியதாஸ் இரண்டு கூமுட்டையிலும் தன் சுருக்கொப்பைப் போட்டுக் கொடுத்தார். அதோடு பிள்ளைக்கு மனம் ஆறவில்லை. இனி முட்டை புரட்டும் மூன்று வேளையும் தான் நேரில் இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். செல்லையன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

மறுநாள் காலை நாற்காலி வந்த சிறிது நேரத்தில் கிழக்கிலிருந்து ஈசாக்கின் பெஞ்சும் வந்து சேர்ந்தது. காலை எட்டு, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஆறு. மத்தியான வேளைக்காக சத்தியதாஸ் கடையைப் பூட்டிவிட்டுப் பாறசாலையிலிருந்து சைக்கிள் மிதித்து வர வேண்டியதாயிற்று. ஊர்க்காரர்கள் இதற்கு முட்டைக் கமிஷன் என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டு நிமிஷத்தில் முடிய வேண்டிய வேலைக்கு இப்போது கால்மணி நேரம் ஆனது. பிள்ளை ஒவ்வொரு எழுத்தையும் வாசிக்கச் சொன்னார். ஈசாக் மறுபடியும் முதலிலிருந்து எண்ணச் சொன்னார். மூடி திறந்தே கிடந்ததால் தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டுக்கு இறங்கியது. சூட்டை மீட்க சத்தியதாஸ் திரியை ஏற்றினார். திரி ஏறியதால் மண்ணெண்ணெய் கூடுதலாக எரிந்தது. ஒரு மாதத்துக்கு என்று வாங்கி வைத்த எண்ணெய் பதிமூன்றாம் நாள் காலையில் டின்னின் அடியைத் தொட்டது.

பதிமூன்றாம் நாள்தான் ஹர்த்தால் தொடங்கியது. மூன்று நாள் கடையடைப்பு. பாறசாலையிலும் பனச்சமூட்டிலும் தனுவச்சபுரத்திலும் ஒரு பலகைகூடத் திறக்கவில்லை. கடைக்காரர்களிடம் கைகூப்பிக் கடையை அடைக்கச் சொல்லி வந்தவர்களில் முதல் ஆள் ஈசாக். அவரே போய் ஒரு கதவைத் தட்டி மண்ணெண்ணெய் கேட்க முடியாது.

பிள்ளையிடம் ஒரு டின் இருந்தது. தருவதற்கும் சம்மதித்தார்.

"ஆனா ஒரு காரியம். என் எண்ண என் முட்டைக்கு மட்டும் எரிஞ்சா போதும்."

"விளக்கு ஒண்ணுதானே பிள்ளைவாள்," என்றார் சத்தியதாஸ். "சூட்டுக்குக் கட்சி தெரியாதே."

பிள்ளை சற்று யோசித்தார். "அப்ப என் எட்டையும் விளக்குப் பக்கமா தள்ளி வையும். மத்தது அந்தால கிடக்கட்டும்."

ஈசாக் பெஞ்சிலிருந்து எழுந்தார். திருவனந்தபுரத்துக்காரன் எண்ணெயில் காய்வதைவிடத் தன் முட்டை குளிர்ந்து போகட்டும் என்றார். பிறகு, அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியதோ என்னவோ, வீட்டுக்குப் போய் ஒரு போணி தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார். சொந்தக் கொப்பரையில் ஆட்டியது, கடையில் வாங்கியதல்ல, ஆகவே ஹர்த்தாலுக்கு விரோதமில்லை என்றார். தேங்காயெண்ணெயை மண்ணெண்ணெய் விளக்கின் திரி இழுக்கவில்லை. வீடு முழுக்கப் புகைந்து, தெர்மாமீட்டர் தொண்ணூற்றுநாலைக் காட்டியபோது விளக்கு அணைந்துவிட்டது.

சத்தியதாஸ் பெட்டியின் மேல் கைவைத்துக்கொண்டு நின்றார். அது ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே பதினாறு உயிர். வழியையும் தண்ணீரையும் காப்பாற்றத்தான் இத்தனையும் செய்தார். இப்போது பெட்டி குளிர்ந்தால் இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து அவரைத்தான் கேட்பார்கள்.

சுகுமாரிதான் வழி கண்டாள். அடுப்பில் வெந்நீர் போட்டு, நாலு குப்பியில் ஊற்றி, துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு பிள்ளையின் டின்னிலிருந்து விளக்குக்கு ஊற்றிக்கொண்டே இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னாள். "எண்ண மேற்கு வீட்டுக்கது. வெந்நி கிழக்கு வீட்டுக் கிணத்துக்கது. ரெண்டும் சேந்துதான் சூடு. வேண்டாம்னா முட்டைய இப்பமே எடுத்திட்டுப் போங்க."

இருவரும் எடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பாதரசம் நூற்றிமூன்றுக்கு ஏறிவிட்டது.

பதினெட்டாம் நாள் முதல் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று துரைசானியின் புத்தகத்தில் இருந்தது. அது ஆங்கிலம். சுகுமாரி அதைப் பிள்ளையிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னாள். அச்சில் வந்த உத்தரவு என்றால் பிள்ளை மறுபேச்சுப் பேசமாட்டார். பெஞ்சும் நாற்காலியும் மூன்று நாள் வரவில்லை. சத்தியதாஸ் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

"ஒரு சம்சயம்," என்றாள் சுகுமாரி, குழம்பை ஊற்றிக்கொண்டே. "குஞ்சு வெளிய வந்த பெறவு எழுத்து எங்க இருக்கும்?"

சத்தியதாஸின் கை சோற்றில் அப்படியே நின்றது. எந்தக் கடிகாரமும் இதுவரை சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து போனதில்லை. அதனால் அவருக்கு அது தோன்றவே இல்லை. அன்று அவர் அதற்கு மேல் சாப்பிடவில்லை.

இருபத்தோராம் நாள் காலையில் பெட்டிக்குள் கீச்சுச் சத்தம் கேட்டது. பத்து மணிக்குப் பெஞ்சும் நாற்காலியும் வந்துவிட்டன. சுகிர்தபாய் கதவோரம் நின்றாள். முதல் ஓடு உடைந்து ஈரமாக ஒரு தலை வெளியே வந்தபோது யாருக்கும் கட்சி ஞாபகம் வரவில்லை. பிள்ளை தன்னையறியாமல் நாற்காலியை இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஈசாக் பெட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "வா மக்கா, வா," என்றார்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பதினொரு குஞ்சுகள் உலர்ந்து பஞ்சுப் பஞ்சாக நின்றன. ஐந்து முட்டை பொரிக்கவில்லை. குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்து ஓடின. ஓடுகள் நொறுங்கி ஒன்றாகக் கிடந்தன. பொரிக்காத ஐந்திலும்கூடப் பென்சில் எழுத்து ஈரத்தில் போன இடம் தெரியவில்லை.

"இதில எதெல்லாம் எனக்கது?" என்றார் ஈசாக்.

பாதிப் பாதி என்று சுகுமாரி சொல்லிப் பார்த்தாள். பதினொன்றில் பாதி வராது. ஆறு யாருக்கு என்பதில் தொடங்கியது. கால்மணி நேரத்தில் நெய்யாற்றின்கரைத் தாலூக்கா வரைக்கும் போய்விட்டது. பிள்ளை எழுந்து, தோப்பு வழியில் முள் வெட்டிப் போடும்படி செல்லையனிடம் சொன்னார். செல்லையன் வெட்டுகத்தி எடுக்கப் போனான். ஈசாக் கிழக்கே போய், கிணற்றுக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

சத்தியதாஸ் அந்தக் கயிற்றைப் பார்த்தார். வழியும் போயிற்று, தண்ணீரும் போயிற்று. ஒரு வருஷமாக இரண்டு கையிலும் சமமாகப் பிடித்துக்கொண்டிருந்தது இரண்டு கையிலிருந்தும் விழுந்துவிட்டது. இனி உண்மையைச் சொல்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் திடீரென்று விளங்கியது.

"ஏழாம் நாள் நான்தான் எழுத்தை மாத்தினேன்," என்றார். "பழுதான நாலும் ஈசாக்கண்ணனுக்க முட்டை. பிள்ளைவாளுக்க பத்தும் நல்லது. மனசு கஷ்டப்படும்னு ரெண்டு ரெண்டா ஆக்கினேன்."

பிள்ளை மெதுவாக மறுபடியும் உட்கார்ந்தார். "நான் அப்பவே சொன்னேன் பாத்தீரா, அடியில வேற எழுத்து உண்டுன்னு." அவர் முகத்தில் பென்ஷன் கூடிய மாதிரி ஒரு மலர்ச்சி. பதினொன்றில் பத்து தன்னுடையதே என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஈசாக் மனைவியைப் பார்த்தார். புண்ணாக்கு தின்ற கோழியைப் பற்றி ஜங்ஷனில் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தோளில் கிடந்த கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் செல்லையன் வெட்டுகத்தியோடு வாசலில் வந்து நின்றான்.

"செல்லையா, இஞ்ச வா," என்று பிள்ளை கூப்பிட்டார். "இந்தக் குஞ்சுகளைப் பாத்து, இது நம்ம தோப்புக் கோழிக்க வம்சம்தானேன்னு எல்லாரும் கேக்கச் சொல்லுடே."

பன்னிரண்டு நாள் நாற்காலி சுமந்த செல்லையன் அந்த வீட்டில் இதுவரை வாயைத் திறந்ததில்லை. வெட்டுகத்தியைச் சுவரில் சாத்தி வைத்தான். குஞ்சுகளைக் குனிந்து பார்த்தான். பிறகு சுகிர்தபாயைப் பார்த்தான். சுகிர்தபாய் முற்றத்துத் தென்னையின் தலையில் காய் எண்ணத் தொடங்கினாள்.

"சொல்லுகதுக்கு என்ன," என்றான் செல்லையன். "கொப்பர மொதலாளி வீட்டு அம்மைக்குச் சொந்தக் கோழி முட்டைய விளக்குச் சூட்டில வைக்க மனசு வரல்ல. எங்கிட்ட வந்து பத்து முட்டை வாங்கித்தான் இஞ்ச கொண்டு குடுத்தாவ. அந்த 'ஈ' போட்ட பத்தும் எங்க வீட்டுக் கோழி இட்டதாக்கும்."

ஈசாக்கின் தோளிலிருந்து கயிறு வழுக்கித் தரையில் விழுந்தது.

பிள்ளை சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, வேட்டி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். தமிழ் முட்டையும் தன் தோப்பிலிருந்துதான் வந்திருக்கிறது. அந்தப் பத்தும் தன் தோப்பு, இந்தப் பத்தும் தன் தோப்பு, பெட்டி முழுவதும் தன் தோப்பு என்றார். சிரிப்பு அடங்கிய பிறகு, "எனக்கத பாத்து நல்லதா எடுத்து வச்சியேடே, அது போதும்," என்று செல்லையனிடம் அன்பாகச் சொன்னார்.

செல்லையன் தலையைச் சொறிந்தான்.

"அம்மைக்குக் குடுத்ததோட எங்கிட்ட இருந்தது தீந்து போச்சு எசமானே. நீங்க கேட்டதுக்கு வேற எங்க போவேன்? உங்க பேருல கொண்டு வச்ச அந்த நல்ல முட்டை பத்தும் மொதலாளி வீட்டுக் கோழி இட்டதாக்கும்."